வெள்ளிக்கிழமை மூன்று மணி விமானம்

பெத்ரினி, லெஸ்வோஸ் தீவு
3 மார்ச் 1986

புரோகோப்பிஸ்,

"நாங்கள் எல்லோரும் நலம், உன் நலத்துக்கும் வேண்டுகிறோம்" என்று ஆரம்பிப்பதுதான் நம் வீட்டு வழக்கம். இந்த முறை அதை எழுதக் கை வரவில்லை. அப்பா போன பிறகு மூன்று வருடமாக நான் உனக்கு எழுதவில்லை, நீயும் எழுதவில்லை. இப்போதும் ஆசைப்பட்டு எழுதவில்லை. எழுதவேண்டியதாகிவிட்டது.

சனிக்கிழமை அப்பாவின் குழியைத் திறந்தோம். மூன்று வருடம் முடிந்தால் எடுப்பதுதானே வழக்கம், நம் கல்லறைத் தோட்டத்தில் இடமும் இல்லை. தகரப் பெட்டியில் 'இக்னாத்திஸ்' என்று பெயர் எழுதி வாங்கி வைத்திருந்தேன். எலும்பைக் கழுவ நம் தோட்டத்துக் கறுப்பு ஒயின் ஒரு பாட்டில், துடைக்கப் புது வெள்ளைத் துணி. எலும்பறையில் அம்மாவின் பெட்டிக்குப் பக்கத்தில் இடத்தைத் துடைத்து வைத்துவிட்டுத்தான் போனேன்.

குழி வெட்டும் ஸ்டாமோஸ் சவப்பெட்டியின் தலைப்பக்கப் பலகையை மட்டும் நெம்பினான். அப்பா கரையவில்லை. அதற்கு மேல் எழுதமாட்டேன். கழுத்துக்குக் கீழே யாரும் பார்க்கவில்லை, பெண்கள் எல்லோரும் சிலுவைக்குறி போட்டுப் பின்னால் நகர்ந்துவிட்டார்கள். கூட்டத்தில் ஒருத்தி, என் காதில் விழவேண்டும் என்றே சொன்னாள்: "யாரோ இன்னும் அவர மன்னிக்கல. அதான் மண்ணு தொடல."

பாதிரியார் லெஃப்தேரிஸ் ஜெபம் சொல்லி மூடச் சொன்னார். "அக்டோபர்ல மறுபடி பாப்போம் மெரோப்பி. அதுக்குள்ள யாருக்கு அவர் மேல என்ன மனத்தாங்கலோ, தீத்து வை" என்றார்.

தீர்க்கப் புறப்பட்டேன். வேலித் தகராறில் அப்பாவிடம் மண்டை உடைபட்டவர் வீட்டுக்குப் போனேன். செக்கு ஆலைக்காரர் வீட்டுக்குப் போனேன். பதினோரு வாசல் ஏறி இறங்கினேன். எல்லோரும் "மன்னிச்சாச்சு, போம்மா" என்றார்கள். இனி ஒரே ஒரு வாசல்தான் பாக்கி. அது மெல்போர்னில் இருக்கிறது.

அவர் மேல் உனக்கு என்ன? எழுது.

இன்னொன்று. அடுத்த வீட்டுக் கிரிசாந்தி கிறிஸ்துமஸுக்கு அங்கிருந்து வந்தாளே, நீ விற்ற சீட்டில்தான் வந்தாள். அந்தச் சீட்டைப் பார்த்தேன். மெல்போர்னில் மத்தியானம் மூன்று மணிக்கு ஏறி, ஏதென்ஸில் மறுநாள் காலை ஐந்து மணிக்கு இறங்கியிருக்கிறாள். பதினான்கு மணி நேரம். அப்பா போன அன்றைக்கு நீ போனில் என்ன சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா?

மெரோப்பி

*

மெல்போர்ன்
17 மார்ச் 1986

அக்கா,

நான் விமானச்சீட்டு விற்கிறவன். உன்னைப் போல் கணக்குப் போடுகிறவர்கள் வாரம் பத்துப் பேர் என் மேசைக்கு முன்னால் வந்து உட்காருகிறார்கள். போன வாரம் ஒரு கிழவி கேட்டாள்: "போறதுக்குப் பதினாலு மணி நேரம், வர்றதுக்கு மட்டும் முப்பத்திரெண்டா? ஏன்பா, வர்ற வழி மேடா?"

சீட்டில் போட்டிருப்பது அந்தந்த ஊரின் நேரம். டிசம்பரிலும் பிப்ரவரியிலும் எங்கள் கடிகாரம் உங்கள் கடிகாரத்துக்கு ஒன்பது மணி நேரம் முன்னால் ஓடும். கிரிசாந்தி ஏறியபோது இங்கே மாலை மூன்று, உங்களுக்குக் காலை ஆறு. நீ பார்த்த பதினான்கோடு ஒன்பதைக் கூட்டு. மெல்போர்னிலிருந்து சிங்கப்பூர் ஏழரை மணி. அங்கே மூன்றரை மணி காத்திருக்கவேண்டும். சிங்கப்பூரிலிருந்து ஏதென்ஸ் பன்னிரண்டு மணி. மொத்தம் இருபத்து மூன்று. பதினைந்தாயிரம் கிலோமீட்டர் என்பது கழுதையில் ஏறி மிதிலினிச் சந்தைக்குப் போய் வருவது இல்லை. அதற்கும் மேலே தீவு விமானம், டாக்சி.

போனில் என்ன சொன்னேன் என்று கேட்கிறாய். "வந்து சேர முடியாதுக்கா, தூரம் அப்படி" என்றேன். இப்போதும் அதையே சொல்கிறேன்.

அப்பா கரையாததற்குக் காரணம் களிமண். அந்தத் தோட்டத்தில் மழைத் தண்ணீர் வடியாது, நீயே எத்தனை முறை சொல்லியிருக்கிறாய். பெண்கள் வாய்க்கு வந்ததைச் சொல்வார்கள். எனக்கு அவர் மேல் ஒன்றும் இல்லை. பாதிரியாரிடம் அப்படியே சொல்லிவிடு.

புரோகோப்பிஸ்

*

பெத்ரினி
2 ஏப்ரல் 1986

தம்பி,

கணக்கு சொல்லிக் கொடுத்ததற்கு நன்றி. ஆறாம் வகுப்போடு நின்றவளுக்கு இப்போதாவது புரிந்தது.

புரிந்ததும் என்ன செய்தேன் தெரியுமா? அப்பாவின் அலாரம் கடிகாரத்தை எடுத்து, ஒன்பது மணி நேரம் முன்னால் தள்ளி, சமையலறைக் கடிகாரத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். ஒன்று நான், ஒன்று நீ. இரண்டையும் பார்த்துக்கொண்டே அந்த மூன்று நாளையும் மறுபடி கணக்குப் போட்டேன்.

அப்பா இறந்தது வியாழக்கிழமை விடியும்போது. காபிக்கடைப் போனில் உன்னைப் பிடித்தபோது எனக்குக் காலை ஏழு, உனக்கு மாலை நான்கு. விமானம் செவ்வாயும் வெள்ளியும் உண்டு என்று கிரிசாந்தி சொன்னாள். அப்படியானால் மறுநாள் வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு உனக்கு விமானம் இருந்தது. ஏறி உட்கார இருபத்து மூன்று மணி நேரம் கையில் இருந்தது. இருபத்து மூன்று மணி நேரம் பறந்தால் சனிக்கிழமை காலை ஐந்துக்கு ஏதென்ஸ். ஏழரைக்குத் தீவு விமானம், எட்டு இருபதுக்கு மிதிலினி. பத்து மணிக்கு நம் வீட்டு வாசல்.

நான் அப்பாவை மறுநாளே அடக்கம் செய்யவில்லை. உனக்காக நகரத்து ஆஸ்பத்திரியின் குளிரறையில் இரண்டு நாள் வைத்தேன். "ஒரு நாளைக்கு மேல பொணத்த வச்சிருக்கிற வழக்கம் இந்த ஊர்ல உண்டா?" என்று பாதிரியாரே கோபித்துக்கொண்டார். சனிக்கிழமை பன்னிரண்டு மணி வரை பிடித்து நிறுத்தினேன். நீ பத்து மணிக்கு வந்திருப்பாய். முகம் கழுவி, ஒரு காபி குடிக்கவும் நேரம் இருந்திருக்கும்.

சவ ஊர்வலம் புறப்படும்போது டாக்சி ஹாரன் கேட்டது. எல்லோரையும் நிறுத்தினேன். மீன்காரன் வண்டி. ஊரே பார்த்தது, புரோகோப்பிஸ்.

தூரம் என்று சொல்லாதே. தூரத்தை நீயே எனக்கு மணி மணியாகப் பிரித்துக் காட்டிவிட்டாய். ஏன் வரவில்லை?

கிரிசாந்தி அடுத்த வாரம் புறப்படுகிறாள். அவள் கையில் எண்ணெயில் ஊறிய பாலாடைக்கட்டி கொடுத்தனுப்புகிறேன். கோபம் வேறு, சாப்பாடு வேறு.

மெரோப்பி

*

மெல்போர்ன்
20 ஏப்ரல் 1986

அக்கா,

பாலாடைக்கட்டி வந்து சேர்ந்தது. கூடவே இன்னொன்றும் வந்து சேர்ந்தது.

கிரிசாந்தி என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து, பொட்டலத்தை வைத்துவிட்டுச் சொன்னாள்: "என்னப்பா நீ இப்படி இருந்துட்ட? உங்கப்பா திங்கக்கிழமை காலையில தொழுவத்துல விழுந்தாரு. மூணு நாளும் உன் பேரத்தான் சொல்லிக்கிட்டே கெடந்தாராம். ஊர்ல எல்லாரும் சொல்றாங்க. ஒரு எட்டு வந்து பாத்திருக்கலாம்ல?"

நான் அவளைத் திரும்பச் சொல்லச் சொன்னேன். திங்கக்கிழமை என்றுதான் திரும்பவும் சொன்னாள்.

நீ போனில் சொன்னது வேறு. "விடியக்காலம் தூக்கத்துலயே போயிட்டாருடா, ஒண்ணும் தெரியாம" என்றாய். மூன்று வருடமாக அதைத்தான் நம்பிக்கொண்டிருக்கிறேன்.

உன் இரண்டு கடிகாரமும் மேசைமேல் இருக்கிறதல்லவா? இதையும் கணக்குப் போடு. திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு நீ போன் செய்திருந்தால் எனக்கு மாலை ஐந்து. செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு விமானம். புதன்கிழமை காலை பத்து மணிக்கு நான் அவர் கட்டிலுக்குப் பக்கத்தில். வியாழக்கிழமை விடியும்வரை பத்தொன்பது மணி நேரம். பேச்சும் நினைவுமாக என் அப்பா எனக்குப் பத்தொன்பது மணி நேரம் இருந்திருப்பார். அதை நீ எடுத்துவைத்துக்கொண்டு, பிணத்தைப் பார்க்க ஏன் வரவில்லை என்று என்னைக் கேட்கிறாய்.

இது முதல் முறையும் இல்லை. அது உனக்கே தெரியும்.

எனக்கு இனிமேல் எழுதாதே.

புரோகோப்பிஸ்

*

பெத்ரினி
10 மே 1986

தம்பி,

எழுதாதே என்றாய். ஈஸ்டர் முடியட்டும் என்று பொறுத்தேன். ஈஸ்டர் சிவப்பு முட்டையை ஒன்றோடொன்று மோதி உடைக்க எதிரே ஆள் இல்லாமல் நானே இரண்டு கையிலும் வைத்து உடைத்துக்கொண்டேன். இப்போது எழுதுகிறேன். கிழித்துப் போடுவதானால் படித்துவிட்டுக் கிழி.

கிரிசாந்தி சொன்னது உண்மை. திங்கட்கிழமை விழுந்தார். ஒரு பக்கம் விழுந்துபோயிற்று, வாய் கோணிக்கொண்டது, ஆனால் பேச்சு இருந்தது. அதற்கு முன்பே ஆறு வருடமாக, கோலூன்றித் தொழுவம்வரை நடப்பதைத் தவிர, அவருக்கு எல்லாமே நான்தான்; குளிப்பாட்டினேன், ஊட்டினேன், கழிவை அள்ளினேன். ஒரு நாள்கூட "மெரோப்பி, உக்காரு" என்று சொன்னதில்லை. திங்கட்கிழமை சாயங்காலம் கண்ணைத் திறந்து கேட்டார்: "எம் புள்ள வந்துட்டானா?" இருபத்தொரு வயதில் போனவனை. நான் கையில் கரண்டியோடு எதிரே நிற்கிறேன்.

செவ்வாய்க்கிழமை காலை காபிக்கடைக்குப் போய், போன் எக்ஸ்சேஞ்சில் உன் எண்ணைக் கேட்டேன். "ஒரு மணி நேரம் ஆகும், காத்திருங்க" என்றாள் அந்தப் பெண். அந்த ஒரு மணி நேரம் உட்கார்ந்து யோசித்தேன். இவன் வருவான். நல்ல கோட்டுப் போட்டுக்கொண்டு டாக்சியில் வந்து இறங்குவான். அப்பா அவன் கையைப் பிடித்துக்கொண்டு சாவார். ஆறு வருடம் அப்படியே தண்ணீரில் போகும். போன் மணி அடிப்பதற்கு முன்னால் எழுந்து, "வேண்டாம், ரத்து பண்ணிடும்மா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். இரண்டு நாள் எனக்கென்று இருக்கட்டும், என் பெயரைச் சொல்லிக் கூப்பிடட்டும் என்று நினைத்தேன். சொல்லவில்லை. கடைசி வரை உன் பெயர்தான்.

அவர் போன பிறகுதான் பயம் வந்தது. முகத்தையாவது நீ பார்க்கவேண்டும் என்று ஆஸ்பத்திரிக்காரர்கள் காலில் விழுந்து இரண்டு நாள் வைக்கச் சொன்னேன்.

முதல் முறை இல்லை என்கிறாய். அம்மாவைச் சொல்கிறாய். ஆமாம், 1972-ல் அம்மா இறந்ததை நாற்பது நாள் கழித்துத்தான் எழுதினோம். அம்மாவின் தலைமாட்டில் நின்று அப்பா சொன்னார்: "தூரதேசத்துல தனியா கெடக்கிறவன எதுக்கு அழ வைக்கணும்? நாப்பது கழியட்டும்." எல்லா வீட்டிலும் அப்படித்தான் செய்தார்கள். வெளிநாட்டுக்குப் போனவர்களுக்குச் சாவுச் செய்தியை ஒளித்துவைப்பது பாசம் என்று நினைத்தோம். நானும் நினைத்தேன்.

சனிக்கிழமை பாதிரியாரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். "உன் தம்பிகிட்ட மன்னிப்புக் கேட்டியா?" என்றார். கேட்கிறேன். மன்னித்துவிடு.

ஆனால் நான் மறைத்ததை எழுதிவிட்டேன். நீ மறைப்பதை எழுது.

மெரோப்பி

*

பெத்ரினி
14 ஜூலை 1986

தம்பி,

இரண்டு மாதமாகத் தபால்காரன் நம் வாசலைத் தாண்டும்போது தலையைக் குனிந்துகொண்டு போகிறான்.

குழியை மறுபடி திறக்க நாள் குறித்தாகிவிட்டது. அக்டோபர் 25, சனிக்கிழமை காலை பத்து மணி. திட்டுவதானாலும் எழுது.

மெரோப்பி

*

மெல்போர்ன்
19 ஆகஸ்ட் 1986

அக்கா,

ஏழு முறை எழுதிக் கிழித்தேன். இதையாவது தபாலில் போடுகிறேனா பார்ப்போம்.

1972-ல் நீ நாற்பது நாள் சும்மா இருக்கவில்லை. இரண்டு கடிதம் எழுதினாய். இரண்டும் என்னிடம் இருக்கின்றன. முதல் கடிதத்தில், "நாங்கள் எல்லோரும் நலம். அம்மா உன் கண்களை முத்தமிடுகிறாள்." அப்போது அம்மா மண்ணுக்குள் போய் ஒன்பது நாள். எனக்கு அது தெரியாது. முதல் சம்பள உயர்வில் அம்மாவுக்கு ஒரு நீலச் சால்வை வாங்கிக் கப்பலில் அனுப்பியிருந்தேன். இரண்டாவது கடிதத்தில், "சால்வை வந்தது. அம்மாவுக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போனாள்." நான் அந்த வரியை வேலைத்தலத்தில் எல்லோரிடமும் படித்துக் காட்டினேன். அதற்குப் பத்து நாள் கழித்து மூன்றாவது கடிதம் வந்தது.

அப்பா சொன்னார், நீ எழுதினாய். சால்வையைப் பற்றியும் அவரா சொன்னார்?

அதற்குப் பிறகுதான் இந்த வேலைக்கு வந்தேன். இனி ஒருவனும் தூரத்தைக் காட்டி என்னை ஏமாற்றக்கூடாது என்று கால அட்டவணைகளை மனப்பாடம் செய்தேன். எந்த விமானம் எங்கே நிற்கும், எத்தனை மணி காத்திருக்கவேண்டும், எல்லாம் நாக்கு நுனியில். சாவு வீட்டுக்கு ஓடுகிறவர்கள் எத்தனையோ பேருக்கு நான் வழி கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறேன். "முடியாது" என்று ஒருவரிடமும் சொன்னதில்லை. உன் ஒருத்தியிடம்தான் சொன்னேன்.

நீ போட்ட கணக்கு சரி. வியாழக்கிழமை போனை வைத்ததும் என் பெயருக்கே சீட்டு எழுதினேன். 34C. வெள்ளிக்கிழமை கறுப்பு டை கட்டி, பெட்டியோடு விமான நிலையத்துக்குப் போனேன். பெட்டி உள்ளே போய்விட்டது. வாயில் திறந்து வரிசை நகர்ந்தது. எனக்கு முன்னால் இரண்டே பேர். அப்போது நினைத்தேன்: நாற்பது நாள் நான் எதுவும் தெரியாமல் சிரித்துக்கொண்டு திரிந்தேனே, இவரும் கொஞ்சம் காத்திருக்கட்டும். வரிசையை விட்டு விலகி நின்றேன். என் பெயரை இரண்டு முறை அழைத்தார்கள். என் பெட்டியை இறக்கிக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அந்த இருக்கை ஏதென்ஸ்வரை காலியாகப் பறந்தது.

இதுதான் நான் மறைத்தது. அவர் மேல் எனக்கு ஒன்றும் இல்லை என்று மார்ச்சில் எழுதினேன். பொய். இருந்தது, இருக்கிறது. உன் மேலும் இருக்கிறது. மன்னித்துவிட்டேன் என்று காகிதத்தில் எழுத வரவில்லை. அங்கே வந்து அவர் தலைமாட்டில் நின்றால் வாய் வருமோ என்னவோ.

அக்டோபர் 24, வெள்ளிக்கிழமை மூன்று மணி விமானத்தில் சீட்டு எழுதிவிட்டேன். சனிக்கிழமை எட்டு இருபதுக்கு மிதிலினி. பத்து மணிக்குக் கல்லறைத் தோட்டம்.

உன் இரண்டாவது கடிகாரம் இப்போது தப்பாக ஓடுகிறது. கோடையில் வித்தியாசம் ஏழு மணிதான். அக்டோபர் கடைசியில் மறுபடி ஒன்பது ஆகும். மாற்றி வை.

புரோகோப்பிஸ்

*

பெத்ரினி
8 செப்டம்பர் 1986

தம்பி,

கடிகாரத்தை மாற்றிவிட்டேன்.

சால்வையைப் பற்றி அப்பா சொல்லவில்லை. நானாகத்தான் எழுதினேன். பொட்டலத்தைப் பிரித்ததும், நீ பதிலுக்குக் காத்திருப்பாயே, ஒரு வரியாவது சந்தோஷமாக எழுதுவோம் என்று எழுதினேன். எழுதும்போது அது எவ்வளவு பெரிய பாவம் என்று தெரியவில்லை. சால்வையைப் பெட்டியில் பூட்டி வைக்க மனசு வரவில்லை, நான் போட்டுக்கொண்டேன். பதினான்கு குளிர்காலம் போட்டாயிற்று. முழங்கைப் பக்கம் தைத்திருக்கிறேன்.

34C பற்றிப் படித்தபோது உன்னை அடிக்கவேண்டும் போல இருந்தது. அப்புறம் அந்தக் காபிக்கடையில் நான் உட்கார்ந்திருந்த ஒரு மணி நேரம் ஞாபகம் வந்தது. கையை இறக்கிக்கொண்டேன்.

ஒன்று கேள். வெள்ளிக்கிழமை வேண்டாம், செவ்வாய்க்கிழமை விமானத்தில் வா. அக்டோபர் கடைசி, இங்கே காற்று எப்படி அடிக்கும் என்று மறந்துவிட்டாயா? வடக்கிலிருந்து ஒரு மூச்சு விட்டால் தீவு விமானம் கிளம்பாது, கப்பலையும் கட்டிப் போடுவார்கள். நாள் தள்ளிப்போக வழியில்லை, பாதிரியார் இப்போதே முணுமுணுக்கிறார்.

மெரோப்பி

*

மெல்போர்ன்
29 செப்டம்பர் 1986

அக்கா,

செவ்வாய்க்கிழமை வந்தால் நிதானமாக இருக்கும், தெரியும். வாடிக்கையாளர் யாராவது கேட்டால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் நான் ஏறாமல் விட்டது வெள்ளிக்கிழமை விமானம். அதே விமானத்தில் அதே இருக்கையைக் கேட்டு வாங்கியிருக்கிறேன். நேரம் போதும். ஏதென்ஸில் இரண்டரை மணி நேரம் கையில் இருக்கிறது.

பயப்படாதே. கணக்கில் நான் தவறுவதில்லை.

புரோகோப்பிஸ்

*

மிதிலினி விமான நிலையம்
26 அக்டோபர் 1986, ஞாயிறு காலை

தம்பி,

இதைத் தபாலில் போடப்போவதில்லை. நீ இறங்கியதும் கையில் கொடுக்கப்போகிறேன். இருபத்தொரு வருடம் ஆகிவிட்டது, என்னை உனக்கு அடையாளம் தெரியாது. நீலச் சால்வை போட்டவள் ஒரு காகிதத்தை நீட்டினால் வாங்கிக்கொள். வாயால் சொல்ல ஆரம்பித்தால் நான் பாதியிலேயே அழுதுவிடுவேன். அல்லது உன் கணக்கைக் கிண்டல் செய்ய ஆரம்பித்துவிடுவேன்.

பதினைந்தாயிரம் கிலோமீட்டரை இருபத்து மூன்று மணி நேரத்தில் வந்துவிட்டாய், மீதி இருநூற்று அறுபது கிலோமீட்டருக்கு ஒரு நாள் முழுக்க ஏதென்ஸில் உட்கார்ந்திருக்கிறாய். செவ்வாய்க்கிழமை வா என்றேன்.

நேற்றுக் காலை ஆறு மணிக்கு நீ காபிக்கடைக்குப் போன் செய்து சொன்னாயே, "காத்துல ஒண்ணும் போகலக்கா, எனக்காக நிறுத்தாதீங்க, தெறந்துடுங்க" என்று. அதைச் சொல்லும்போது உன் குரல் அப்பா குரல் மாதிரியே இருந்தது. நான் நிறுத்தத்தான் பார்த்தேன். முடியவில்லை. நேற்று விடியக்காலம் பேக்கரிக்கார எவாந்தியா இறந்துவிட்டாள். அவளுக்கு வேறு இடம் இல்லை, அப்பாவின் குழிதான். இன்று மூன்று மணிக்கு அவள் அடக்கம்.

அதனால் நேற்றுப் பத்து மணிக்குத் திறந்தோம். இந்த முறை பெட்டியையே வெளியே தூக்கினார்கள். அப்பா அப்படியேதான் இருந்தார். பெண்கள் மறுபடி நகர ஆரம்பித்தார்கள். உன் முகம் ஞாபகம் வந்தது. உன் மனத்தாங்கலையும் என் துரோகத்தையும் நாம் எழுதித் தீர்த்தாயிற்றே, இன்னும் என்ன வேண்டும் இந்த மனுஷனுக்கு என்று கோபம்தான் வந்தது. நான் நகரவில்லை. "முழுசா தெற ஸ்டாமோஸ்" என்றேன்.

அவன் கோட்டுப் பொத்தான்களைக் கழற்றினான். உள்ளே கைவிட்டு எதையோ இழுத்தான். சரசரவென்று சத்தம். கனமான நைலான். பெட்டி முழுக்க விரித்து, உடம்பையும் சுற்றி, கயிறு போட்டுக் கட்டியிருந்தது. அதற்கு மேலேதான் கோட்டு. ஸ்டாமோஸ் நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

"இது ஆஸ்பத்திரி நைலான்மா. ஒரு நாள்ல அடக்கம் பண்ணினா இதெல்லாம் கெடயாது. ரெண்டு நாள் வைக்கச் சொன்னா இப்படித்தான் சுத்துவாங்க. அவுக்கணும்னு யாரும் சொல்லலயா? காத்தும் போகாம தண்ணியும் வடியாம, மண்ணு எப்படித் தொடும்?"

பாதிரியார் குனிந்து அந்த நைலானைத் தொட்டுப் பார்த்தார். மார்ச்சில் என் காதில் விழும்படி சொன்னவள் கூட்டத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

அப்பாவின் துணிகளை ஆஸ்பத்திரியில் கொடுத்தவள் நான். அவர்களே உடுத்தி, பெட்டியை மூடி அனுப்பினார்கள். நான் திறந்து பார்க்கவில்லை, நீ வந்த பிறகு சேர்ந்து பார்க்கலாம் என்று இருந்தேன். நீ வரவில்லை, அப்படியே இறக்கிவிட்டோம். பதினோரு வாசல் ஏறி, பன்னிரண்டாவதாக உன் வாசலையும் தட்டி, யார் இவரைப் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று தேடினேன் புரோகோப்பிஸ். நான் உனக்காகக் காத்திருந்த இரண்டு நாள்தான் பிடித்து வைத்திருந்தது.

நைலானை நானே கத்தியால் அறுத்தெடுத்தேன். இனி அவரை வேறு குழியில் மறுபடி புதைக்கவேண்டும், அப்போதுதான் கரைவார். மதில் ஓரம் சைப்ரஸ் மரத்தடியில் இடம் கொடுத்திருக்கிறார்கள். ஸ்டாமோஸ் உடனே வெட்ட ஆரம்பித்தான். பாதிரியாரும் ஜெபப் புத்தகத்தைத் திறந்துவிட்டார்.

"இன்னைக்கு இல்ல" என்றேன்.

"என்ன மெரோப்பி, மறுபடியுமா? போன தடவ காத்திருந்து என்ன ஆச்சுன்னு பாத்தல்ல?" என்றார்.

"பாத்தேன். இந்தத் தடவ அவன் ஏதென்ஸ்ல இருக்கான். காத்து நின்னா வந்துருவான்."

சவப்பெட்டியைக் கல்லறைத் தோட்டத்துச் சிற்றாலயத்துக்குள் வைக்கச் செய்து, வாசல்படியில் உட்கார்ந்துகொண்டேன். பாதிரியார் இரண்டு சுற்று நடந்தார், மதிலைப் பார்த்தார், கடைசியில், "நாளைக்கு மத்தியானம் பன்னெண்டு. அதுக்கு மேல ஒரு நிமிஷம் கெடயாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

விடிந்ததும் காற்று நின்றுவிட்டது. உன் விமானம் ஏதென்ஸிலிருந்து கிளம்பிவிட்டதாக இப்போதுதான் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். டாக்சிக்காரன் வெளியே நிற்கிறான்.

அப்பாவுக்கு இன்று அடக்கம், தம்பி. பன்னிரண்டு மணிக்கு. நீ முதல் பிடி மண் போடாமல் வேறு யாரும் போடமாட்டார்கள். மன்னித்தாயா இல்லையா என்று யாரும் கேட்கமாட்டார்கள், நானும் கேட்கமாட்டேன். எட்டு இருபதுக்கு இறங்குகிறாய், பத்து மணிக்கு வீட்டு வாசல். முகம் கழுவி, ஒரு காபி குடிக்கவும் நேரம் இருக்கிறது.

மெரோப்பி